வாசலில் ஒரு குட்டைப் புளூபெரி வையுங்கள்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டம் வைத்திருக்கும் எம் உறவுகளுக்கு,

விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்கு முன்னர் இது உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். அந்த மூன்று நாட்களில்தான் உங்களில் பெரும்பாலானோர் வருஷத்துக்கான கன்றுகளை வாங்கி முடிப்பீர்கள். கத்தரி, மிளகாய், தக்காளி, பயற்றை பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் பேச வந்தது தோட்டக்கடையின் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் குட்டைப் புளூபெரியைப் பற்றி. அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறீர்கள், அல்லது பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குகிறீர்கள். யூலை முடியும்போது அதன் இலை மஞ்சளாகிவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் காய்ந்த குச்சிதான் மிச்சம். "அது எங்கட வளவில வராது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சாடியில் புதினா நடுகிறீர்கள்.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. வராது என்று நீங்கள் சொல்லும் செடி இந்த மாகாணத்துக் காட்டில் தானாக முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்ப்பது. அதே நேரம், இந்த மண்ணுக்கு எந்த உறவும் இல்லாத கறிவேப்பிலையை நீங்கள் பனிக்காலம் முழுக்கக் காப்பாற்றி விடுகிறீர்கள். செப்ரெம்பர் இரவுகள் குளிரத் தொடங்கியதும் சாடியைத் தூக்கி உள்ளே வைக்கிறீர்கள், வெயில் விழும் யன்னலை அதற்கே ஒதுக்குகிறீர்கள், செதில்பூச்சி பிடித்தால் இலை இலையாகத் துடைக்கிறீர்கள். முருங்கையைத் தறித்து பேஸ்மென்றில் உறங்கவைத்து மறுபடி தளிர்க்கச் செய்தவர்கள் உங்களிலே இருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையுள்ள கைகளில் ஒரு செடி சாகிறதென்றால் அதற்குக் கவனக்குறைவு காரணமாக இருக்க முடியாது. ஊரில் இருந்து நாம் கொண்டுவந்த நல்ல பழக்கங்களே இந்த ஒரு செடியைக் கொல்கின்றன. அதைத்தான் உங்களிடம் நேராகச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் நடும் விதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பின்வளவில் குழி வெட்டுகிறீர்கள். கடையில் வாங்கிய ஆட்டெருப் பை ஒன்றைக் கொட்டுகிறீர்கள். சேர்த்துவைத்த முட்டைக்கோதை நொறுக்கிப் போடுகிறீர்கள். பூச்சி வராமல் இருக்க ஒரு கை சாம்பல். கத்தரிக்கு இது விருந்து. புளூபெரிக்கு ஒவ்வொன்றும் கேடு. முட்டைக்கோதும் சாம்பலும் மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். எருவில் இருக்கும் உப்பை அதன் மெல்லிய வேர்கள் தாங்கமாட்டா.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில் இந்தச் செடியைச் சாடிகளில் வளர்த்துப் பார்த்து, 1910இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அதுவரை புளூபெரி காட்டுச் செடி, தோட்டத்துக்கு வராது என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று நீங்கள் சொல்வதும் அதுவே. வளமான தோட்டமண்ணில் அது தேறாது, எரு மிகுந்தால் தேறாது, சுண்ணாம்பு இட்டால் தேறாது, அதற்கு வேண்டியது புளிப்பு மண் என்று கோவில் காட்டினார். நியூ ஜேர்சியில் கிரான்பெரித் தோட்டக்காரர் ஒருவரின் மகள் எலிசபெத் வைற் அந்த நூலைப் படித்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். காட்டில் பழம் பொறுக்கும் அயலவர்களிடம் பழத்தின் பருமனை அளக்க அளவுகோல் கொடுத்து, பெரிய பழமுள்ள பற்றைகளைக் காட்டினால் பணம் தருவதாகச் சொன்னார். கண்டுபிடித்துக் கொடுத்தவரின் பெயரையே செடிக்கு வைத்தார். அந்தக் கூட்டுழைப்பில் இருந்து 1916இல் முதல் தோட்டப் புளூபெரி விற்பனைக்குப் போனது. கடையில் நீங்கள் வாங்கும் பெட்டிப் பழம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. எல்லாம் மண்ணின் புளிப்பைப் புரிந்துகொண்ட பிறகு நடந்தது.

நம் வளவு மண்ணின் கதை வேறு. தெற்கு ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணக்கல்லில் இருந்து வந்த களி. அதன் பி.எச். அளவு 7ஐத் தாண்டி, அதாவது புளிப்பே இல்லாமல், நிற்கும். புளூபெரிக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். வடக்கே பாரி சவுண்ட், சட்பரிப் பக்கம் போனால் கருங்கல் பாறை, அதன் மேல் மெல்லிய புளிப்பு மண், பைன் மரம். அங்கே புளூபெரி பற்றைபற்றையாகக் கிடக்கிறது. ஒரே மாகாணம், மண் மட்டும் வேறு. இந்தச் செடியின் வேரில் மற்றச் செடிகளுக்கு இருப்பது போன்ற வேர்த்தூவிகள் கிடையாது. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் வேரோடு சேர்ந்து அதற்கு உணவு எடுத்துக் கொடுக்கிறது. புளிப்புக் குறைந்தால் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைக் கண்டு, பாவம் செடிக்குப் பசிக்கிறது என்று நீங்கள் இன்னொரு பை எரு கொட்டுகிறீர்கள். அத்தோடு முடிந்தது.

ஆகவே இதை நிலத்தில் நடவேண்டாம், சாடியில் வையுங்கள் என்று கேட்கிறேன். குட்டை வகைகள் நமக்கென்றே உருவாக்கப்பட்டவைபோல் இருக்கின்றன. வடக்குக் காட்டின் தாழ்ந்த புளூபெரியையும் தெற்கே உயர்ந்து வளரும் புளூபெரியையும் கலந்து மினசோற்றாப் பல்கலைக்கழகம் 1983இல் நோர்த்ஸ்கை, நோர்த்புளூ என்ற இரு வகைகளை வெளியிட்டது. நோர்த்ஸ்கை அரை மீற்றருக்கு மேல் உயராது. மிச்சிகனில் இருந்து வந்த ரொப் ஹற் இன்னும் உருண்டையாக, போன்சாய் செய்பவர்களும் விரும்பும் அளவுக்கு ஒடுக்கமாக வளரும். ஜெலி பீன் என்ற வகை பந்துபோல் நிற்கும். ஒரு ரவுன்ஹவுஸ் வாசற்படியிலோ, வெயில் விழும் பல்கனியிலோ இவை அடங்கிவிடும்.

அழகைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டு முன்வாசலை நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மே மாதத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிறு மணிப்பூக்கள். கோடையில் சாம்பல் பூத்த நீலத்தில் காய்கள். ஒக்ரோபரில் இலை முழுக்கச் சிவந்துவிடும். இலை கொட்டிய பிறகும் ஸ்னோவின் நடுவே சிவந்த கிளைகள் தெரியும். அந்தச் சிவப்புக்காக நம்மில் பலர் வாசலில் பேர்னிங் புஷ் வைத்திருக்கிறோம். அதன் விதையைப் பறவைகள் காட்டுக்குக் கொண்டுபோக, அங்கே இருக்கவேண்டிய செடிகளின் இடத்தை அது பிடிக்கிறது. பொக்ஸ்வூட் வேலி வைத்தவர்களின் துயரம் இன்னும் பெரிது. வட அமெரிக்காவில் பொக்ஸ்வூட் அந்து முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது நமது நகரத்தின் எற்றோபிக்கோவில்தான், 2018இல். அதற்குப் பிறகு எத்தனை வாசல்களில் அழகாகக் கத்தரித்த பச்சை உருண்டைகள் வலைபின்னிய எலும்புக்கூடாகிவிட்டன! அந்த வெற்றிடத்தில் மறுபடியும் பொக்ஸ்வூட்டையே வாங்கி வைத்து, மறுபடியும் மருந்து அடிக்கப் போகிறீர்களா? இரண்டு நல்ல சாடியில் இரண்டு புளூபெரி வையுங்கள் என்று வேண்டுகிறேன்.

சாடி குறைந்தது 40 சென்ரிமீற்றர் அகலமும் ஆழமும் இருக்கட்டும், அடியில் ஓட்டை இருக்கட்டும். சீமெந்துச் சாடி மட்டும் வேண்டாம், அதில் இருந்து சுண்ணாம்பு கசியும். மரச்சாடி அல்லது தடித்த பிளாஸ்ரிக் நல்லது. வளவு மண் ஒரு பிடிகூடச் சேர்க்காமல், பீற்மொஸும் பொடியாக்கிய பைன் மரப்பட்டையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். பீற்மொஸ் பல்லாயிரம் வருஷமாகச் சதுப்பு நிலத்தில் படிந்தது. அதைத் தோண்டுவது நிலத்துக்கு நல்லதல்ல என்பதால் மற்றச் செடிகளுக்கெல்லாம் அள்ளிப் போடாமல் இதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். இலங்கையில் இருந்து வரும் தும்புத்தூள் கட்டியைக் கண்டதும் நமக்கு வாங்க மனம் வரும். அது ஈரம் பிடிக்கும், புளிப்பைத் தராது. தனியே அதை மட்டும் நம்பவேண்டாம். கோப்பிச் சக்கையும் அப்படியே. குடித்து முடித்த சக்கையில் புளிப்பு அநேகமாக இல்லை. வினாகிரி ஊற்றும் வழக்கத்தையும் விடுங்கள், ஓரிரு நாளில் அதன் வேலை போய்விடும், வேர்தான் நோகும். உரம் என்றால் அசேலியா, ரொடொடென்ட்ரன் செடிகளுக்கென்று விற்கும் புளிப்பு உரம், வசந்தத்தில் கொஞ்சம், பூ முடிந்த பிறகு கொஞ்சம். யூலைக்குப் பிறகு எதுவும் போடாதீர்கள்.

தண்ணீர்தான் பலர் கவனிக்காத இடம். நம் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர். குடிக்க நல்லது, ஆனால் அதில் சுண்ணம் உண்டு. கேற்றிலின் உள்ளே வெள்ளையாகப் படிவதை நீங்கள் பார்க்கிறீர்கள் அல்லவா, அது சாடியிலும் கோடை முழுக்கப் படிகிறது. எவ்வளவு நல்ல கலவையில் நட்டாலும் அது மெல்ல மெல்லப் புளிப்பை இழந்துவிடும். கூரைத் தண்ணீர் விழும் குழாயின் கீழே ஒரு பீப்பா வையுங்கள். பல்கனியில் இருப்பவர்கள் மழைநாளில் ஒரு வாளியையாவது வெளியே வையுங்கள். கிணற்றில் தண்ணீர் வற்றினால் என்ன என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம், மழைத்தண்ணீரைச் சேர்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது இல்லாத நாளில் குழாய்த் தண்ணீரே ஊற்றுங்கள், காயவிடுவதைவிட அது மேல். இதன் வேர் ஆழம் போகாது, ஓகஸ்ற் வெயிலில் இரண்டு நாள் மறந்தால் போய்விடும்.

இனி, நீங்கள் மிகவும் தயங்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத்தில் இதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கொண்டுவராதீர்கள். முதல் உறைபனி விழும் இரவில் உங்கள் மனம் கேட்காது. கறிவேப்பிலை யன்னலோரம் வந்துவிட்டது, துளசி வந்துவிட்டது, இதை மட்டும் எப்படி வெளியே விடுவது என்று தோன்றும். ஆனால் 7 பாகைக்குக் கீழான குளிர் 800 மணி நேரமாவது, சில வகைகளுக்கு 1000 மணி நேரமாவது இதன் உடம்பில் படவேண்டும். அந்த உறக்கம் இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் பூ ஒழுங்காக விரியாது. சூடான அறையில் அது உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் தவித்து மெலியும். நாம் குளிரைப் பகையாகவே கண்டு பழகியவர்கள். இந்தச் செடிக்குக் குளிர்தான் சோறு.

ஆயினும் சாடியில் இருப்பதால் ஒரு காவல் தேவை. நிலத்தில் நிற்கும் செடியின் வேரை மண் காக்கும். சாடியைச் சுற்றி நாற்புறமும் உறைகாற்று. கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. பின்வளவு உள்ளவர்கள் நவம்பரில் சாடியோடு விளிம்பு வரை நிலத்தில் புதைத்துவிடுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. மண் உறைவதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சூடாக்காத கராஜ் இருந்தால் அங்கே வைத்து, மாதம் ஒருமுறை ஒரு கை ஸ்னோவை மேலே போட்டுவிடுங்கள். பல்கனி என்றால் சுவரோடு ஒட்டி நகர்த்தி, அடியில் ஒரு பலகை வைத்து, சாடியைச் சாக்கால் தடிப்பாகச் சுற்றுங்கள். வெளியே நிற்கும் செடியின் மேல் ஸ்னோவைக் குவித்தால் அது போர்வை. ஆனால் ட்ரைவ்வேயில் உப்புப் போட்டு வழித்த ஸ்னோவை மட்டும் அதன் மேல் தள்ளிவிடாதீர்கள். முயல் வரும் வளவு என்றால் சுற்றிக் கம்பிவலை போடுங்கள், பசித்த முயல் ஒரே இரவில் எல்லாக் கிளையையும் கடித்துவிடும்.

வசந்தத்தில் கத்தரிக்கோலோடு வந்து உருண்டையாகச் சீவிவிடாதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். போன கோடையில் வளர்ந்த கிளை நுனியில்தான் இந்த வருஷத்துப் பூமொட்டு இருக்கிறது. சீவினால் பூவும் பழமும் அதோடு போய்விடும். நட்ட முதல் வருஷம் பூவைக் கிள்ளிவிட்டால் செடி வலுக்கும். மனதுக்குக் கஷ்டம்தான், கிள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு வகை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பழம் கூடும், பருக்கும். பெரிய வண்டுத்தேனீ வந்து பூவில் தொங்கி உடம்பை அதிரவைத்துத்தான் மகரந்தத்தை உதிர்க்கும், ஆகவே அந்த மாதம் வளவில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். பழம் நீலமானதும் பறிக்காமல் இன்னும் சில நாள் விடுங்கள், பறித்த பிறகு இனிப்புக் கூடாது. கிடைப்பது ஒன்றிரண்டு கிண்ணம்தான். பெட்டி கணக்கில் காய்க்கும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பவேண்டாம். சர்க்கரை வருத்தத்துக்கு மருந்து என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பியும் வாங்கவேண்டாம். அது நல்ல பழம். உங்கள் மாத்திரைக்கு அது பதிலாகாது.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் பழம் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் நாம் வீடு வாங்கினோம், கோயில் கட்டினோம், பிள்ளைகளை வளர்த்தோம். ஆனால் நம் வளவைப் பார்த்தால் நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாது. விட்டுவந்த மண்ணை வளவில் மீட்டு எடுக்கும் ஏக்கம் எனக்கும் உண்டு, அதை யாரும் குறைசொல்ல முடியாது. அந்த ஏக்கத்துக்கு வளவு முழுவதையும் கொடுத்த நாம், இந்த மண்ணுக்கு ஒரு சாடி கொடுக்கலாம் அல்லவா? 1615இல் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் வந்த பிரெஞ்சுப் பயணி சாம்பிளேன், அங்கிருந்த மக்கள் இந்தப் பழத்தைக் குளிர்காலத்துக்காகக் காயவைத்ததை எழுதிவைத்தார். அனிஷினாபே மக்கள் பற்றைக்கு நெருப்பு வைத்து அது மறுபடி செழித்துக் காய்க்கும்படி நிலத்தைப் பேணினார்கள். பழத்தின் அடியில் இருக்கும் ஐந்து முனை நட்சத்திரத்தை உங்கள் பேரப்பிள்ளைக்குக் காட்டுங்கள், காட்டிவிட்டு இந்த மக்களைப் பற்றியும் சொல்லுங்கள். தம் மண்ணை இழப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அவர்களுடைய மண்ணில் குடியிருக்கும் நாம் அவர்களுடைய செடியின் குணத்தைக்கூட அறியாமல் இருப்பது சரியில்லை.

தமிழ்க் கடைகளில் கன்று விற்கும் உரிமையாளர்களுக்கும், மே மாதத்தில் ட்ரைவ்வேயில் நாற்று விற்கும் அக்காமாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. வெறுமனே "புளூபெரி" என்று எழுதிய சாடிகளை விற்காதீர்கள். வகையின் பெயரைப் பாருங்கள். புளோரிடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் ஏற்ற, குளிர் குறைவாகக் கேட்கும் வகைகளும் இந்த ஊர்க் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. நம் குளிரில் சாடியில் அவை பிழைப்பது கடினம். ஒரு துண்டில் தமிழில் மூன்று வரி எழுதிக் கட்டிவிடுங்கள்: புளிப்பு மண், மழைத்தண்ணீர், குளிர்காலத்தில் வெளியே. உங்களிடம் வாங்கும் அம்மாவுக்கு ஆங்கிலத் துண்டில் உள்ள சிறிய எழுத்து தெரியாது, நீங்கள் எழுதியதை அவர் வாசிப்பார். முதியோர் சங்கங்களை நடத்துபவர்களே, உங்கள் கோடைக்கால நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு சாடி நிரப்பக் கற்றுக்கொடுங்கள். பல்கனி மட்டுமே உள்ள மாடிவீட்டில் பகல் முழுக்கத் தனியே இருக்கும் எத்தனையோ பேருக்கு அது ஒரு துணை.

மற்ற எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். புதிதாக வாங்குவதற்கு முன்னால் உங்கள் வளவில் மஞ்சளாகி நிற்கும் பழைய புளூபெரி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கிளையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? தெரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த வார இறுதியிலேயே தோண்டி எடுங்கள், வேரில் ஒட்டிய களியை மெல்ல உதிர்த்துவிடுங்கள், பீற்மொஸும் பைன் பட்டையும் நிரப்பிய சாடிக்கு மாற்றுங்கள், மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். பூ இருந்தால் இந்த வருஷம் கிள்ளிவிடுங்கள். எரு வேண்டாம், சாம்பல் வேண்டாம். அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் அதன் பக்கத்தில் வைக்க வேறொரு வகை வாங்குங்கள்.

அன்புடன்,
ஸ்காபுறோவில் இருந்து, உங்களில் ஒருத்தி